சங்கிலிப் படகில் இரட்டை சைக்கிள்

லொயிக் ஏணியிலிருந்து விழுந்தான் என்ற செய்தி வந்ததும் எங்கள் சைக்கிள் சங்கத்தில் எல்லோரும் முதலில் கேட்டது, "அப்போ கிஸ்லேனை யார் கூட்டிட்டுப் போறது?" என்பதுதான். லொயிக்கின் உடைந்த காறை எலும்பைப் பற்றி அதற்குப் பிறகுதான் விசாரித்தோம். அவனும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடியே அதே கேள்வியைத்தான் அவனும் கேட்டானாம்.

கிஸ்லேனுக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போய்விட்டது. இப்போது வெளிச்சமா இருட்டா என்று மட்டும் தெரியும். ஆனால் கால் இரண்டும் இரும்பு. சங்கத்தின் இரட்டை சைக்கிளில் லொயிக் முன்னால் உட்கார்ந்து ஓட்ட, இவன் பின்னால் உட்கார்ந்து மிதிப்பான். மே மாதத்தில் ஒரு ஞாயிறு, ஸேவ்ர் ஆற்றை ஒட்டிய சின்னச் சாலைகளில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து போகும் சவாரிதான் எங்களுக்கு வருடத்தின் பெரிய நாள். கிஸ்லேன் அதைத் தவறவிட்டதே இல்லை.

முன்னால் உட்கார ஆள் தேடினோம். இரட்டை சைக்கிளை ஓட்டுவது தனி வித்தை. பின்னால் இருக்கும் எண்பது கிலோவும் உன்னுடைய உடம்புதான் என்று நினைத்துக்கொண்டு திரும்ப வேண்டும். மருந்துக்கடைக்காரரை வைத்துப் பள்ளிக்கூடத்து வாகன நிறுத்தத்தில் ஒத்திகை பார்த்தார் சங்கத் தலைவர். இரண்டாவது வளைவில் அவரும் கிஸ்லேனும் வேலிச்செடிக்குள் போய்விட்டார்கள். கடைசியில், லொயிக்கை விட்டால் அந்த சைக்கிளின் முன் இருக்கையில் உட்கார்ந்து ஓட்டிய அனுபவம் உள்ள ஒரே ஆள் மரிவோன்தான் என்று தெரிந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மரிவோன் கிஸ்லேனின் முன்னாள் மனைவி.

அந்த சைக்கிளே அவர்களுடையதுதான். கல்யாணமாகி இருபது வருடம் ஆனதற்காக வாங்கினார்கள். முதல் தடவை அவள் முன்னால் உட்கார்ந்தாள். வழியெல்லாம் பின்னாலிருந்து அவன் யோசனை சொன்னான். இரண்டாவது தடவை அவன் முன்னால் உட்கார்ந்தான். வீடு வந்து சேரும்வரை அவள் வாயே திறக்கவில்லை. மூன்றாவது தடவை என்று ஒன்று இல்லை. விவாகரத்தின்போது வீடு, கார், நாய் என்று எல்லாவற்றுக்கும் பேச்சுவார்த்தை நடந்தது. அந்தச் சிவப்பு சைக்கிளை மட்டும் இருவரும் வேண்டாம் என்று சொல்லிச் சங்கத்தின் கொட்டகையில் போட்டுவிட்டார்கள்.

மரிவோனிடம் கேட்க என்னை அனுப்பினார்கள். இருவருக்கும் நான் பழக்கம். தவிர, எங்கள் சங்கத்துச் சவாரிகளில் எல்லோருக்கும் கடைசியாக வந்து சேருகிறவள் நான். என் மேல் யாருக்கும் கோபம் வராது.

மரிவோன் தோட்டத்தில் தக்காளி நட்டுக்கொண்டிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும் மண் ஒட்டிய கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அவன் சொல்லி அனுப்பினானா, லிலியான்?"

"இல்ல. தலைவர் அனுப்பினார். கிஸ்லேனுக்கு இன்னும் தெரியாது."

"தெரிஞ்சா வரமாட்டான்."

"வரலேன்னா விடு. நீ வருவியா, சொல்லு."

செடிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்த பஸ்தியான் தலையைத் தூக்கினான். அவனும் மரிவோனும் ஒரே வீட்டில் இருக்கத் தொடங்கி ஏழெட்டு வருடம் ஆகிறது. சவாரி நாளில் சாப்பாட்டு வேன் அவன் பொறுப்பு. "போயேன்," என்றான். "நான்தானே வேன்ல இருக்கேன். ஏதாவது ஆச்சுன்னா வந்து அள்ளிப் போட்டுக்கறேன்."

"யாரை?"

"யார் கிடைக்கறாங்களோ அவங்களை."

மரிவோனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி என்று சொன்னாள். பிறகு கிஸ்லேனுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"பிரேக் எல்லாம் ஒழுங்கா பிடிப்பாளா?" என்று கேட்டான்.

"உன்னைவிட நல்லாவே பிடிப்பா."

"அப்ப சரி."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வானம் கழுவித் துடைத்தது போல இருந்தது. பாலத்தடியில் எல்லோரும் கூடினோம். பாப்லர் மரங்களிலிருந்து பஞ்சு பறந்து எல்லோர் தலையிலும் உட்கார்ந்தது. கிஸ்லேனும் மரிவோனும் கை குலுக்கிக்கொண்டார்கள், ஏதோ நிலம் வாங்க வந்தவர்கள் மாதிரி. தலைவர் ஊதலை ஊத, எல்லோரும் கிளம்பிப் போனார்கள். நான் இவர்களோடு பின்தங்கிக்கொண்டேன். வழியில் ஏதாவது நடந்தால் ஒரு சாட்சி வேண்டும் என்று தலைவர் சொல்லியிருந்தார். அவர் விளையாட்டாகச் சொன்ன மாதிரித் தெரியவில்லை.

"வலது கால் மேல இருக்கா?" என்றாள் மரிவோன்.

"எப்பவோ வெச்சாச்சு."

"நான் சொன்னதும் மிதி. அதுக்கு முன்னாடி இல்ல."

"உத்தரவு, மகாராணி."

ஒரு முறை சாய்ந்தார்கள். இன்னொரு முறை சாய்ந்தார்கள். மூன்றாவது முயற்சியில் சைக்கிள் நிமிர்ந்து ஓட ஆரம்பித்தது. வண்டி ஓடத் தொடங்கியதும் பேச்சும் தொடங்கியது.

"கியர் மாத்தும்போது சொல்லு. கால் வழுக்குது."

"மாத்தப் போறேன்."

"மாத்தினதுக்கு அப்புறம் சொல்றே."

"சொன்னேனா இல்லையா?"

இப்படியே முதல் கிராமத்தைத் தாண்டினோம். லொயிக் ஓட்டும்போது வழியெல்லாம் வர்ணித்துக்கொண்டே வருவான். இந்தத் தேவாலயம் எந்த நூற்றாண்டு, அந்தக் கோபுரத்தில் என்ன கல் என்று. மரிவோனுக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. கொஞ்ச தூரம் போனதும் கிஸ்லேன் பொறுக்க மாட்டாமல் கேட்டான்.

"ஏதாவது தெரியுதா?"

"மாடு."

"என்ன மாடு?"

"வெள்ளை மாடு. உன்னையே பாக்குது. அதுக்கு உன்னைப் பிடிக்கலை போலிருக்கு."

"அப்புறம்?"

"இன்னொரு மாடு. அதுக்கும்."

பின்னால் வந்துகொண்டிருந்த எனக்கு அவன் தோள் குலுங்குவது தெரிந்தது. அதற்குப் பிறகு அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவளும் ஒற்றை ஒற்றை வார்த்தையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். கொக்கு. தபால்பெட்டி. மேல்சட்டை இல்லாமல் புல் வெட்டும் ஆள், சட்டை போட்டிருந்தால் நன்றாயிருக்கும். ரோஜா. மறுபடியும் கொக்கு, ஆனால் இது சோம்பேறி.

பிரேசாக் கிராமத்தின் கோடியில், அந்தக் காலத்தில் பெண்கள் துணி துவைத்த கல்மண்டபம் இருக்கிறது. அதற்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் கிஸ்லேன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இதைத் தாண்டினதும் இடது பக்கம் திரும்பு."

"அம்புக்குறி நேரா போகச் சொல்லுது," என்றாள் மரிவோன். தலைவர் முந்தின நாளே எல்லாச் சந்திப்பிலும் மஞ்சள் அம்பு ஒட்டிவைத்திருந்தார்.

"அம்பு ஒட்டினது யாரு? அந்த மனுஷனுக்கு வெயிலும் மக்காச்சோளமும் தார் ரோடும் இருந்தா போதும். இடது பக்கம் போனா ஆத்தங்கரையோட நிழல்லயே போகலாம். கடைசியில ஒரு மரப்பாலம். தாண்டினா சாப்பாடு."

மரிவோன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பக்கம் நான் போய் வருடக்கணக்காகிவிட்டது. தோளைக் குலுக்கினேன். அவள் ஒரு கணம் யோசித்தாள். இடது பக்கம் திருப்பினாள்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருடம் கழித்து அவன் சொன்ன பேச்சை அவள் கேட்கிறாள். கேட்டே ஆக வேண்டிய கட்டாயமும் இல்லை; ஹேண்டில்பார் அவள் கையில்தான் இருந்தது.

அவன் சொன்னது நிஜம். அந்தச் சாலைக்கு ஈடு கிடையாது. நடுவில் ஒரு கோடாகப் புல் முளைத்திருந்தது. ஒரு பக்கம் ஆறு, சத்தமே இல்லாமல் கூடவே வந்தது. மறுபக்கம் வில்லோ மரங்கள் குனிந்து நின்றன. இலைகளின் வழியே வெயில் சில்லறையாக விழுந்தது. ஒரு கார் இல்லை, ஒரு ஆள் இல்லை. மரிவோனும் பேசுவதை நிறுத்திவிட்டாள். இரண்டு பேருடைய கால்களும் ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தன. நான் மிதிப்பதை விட்டுவிட்டுச் சும்மா உருண்டுகொண்டு அதைப் பார்த்தேன்.

பிறகு சாலை முடிந்தது. சைக்கிளும் நின்றது.

"ஏன் நிறுத்தினே?" என்றான் கிஸ்லேன்.

"பாலத்தைத் தாண்டலாம்னு பார்த்தேன். பாலம் வேணுமில்ல."

"வலது பக்கம் இருக்கும் பாரு."

"வலது பக்கம் ஒரு கல்தூண் இருக்கு. ஆத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு கல்தூண் இருக்கு. நடுவுல தண்ணி இருக்கு."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் வந்த வெள்ளத்தில் மரப்பாலம் அடித்துக்கொண்டு போயிருந்தது. செய்தித்தாளில்கூடப் படம் வந்தது. அதற்குப் பதிலாக ஒரு சங்கிலிப் படகு விட்டிருந்தார்கள். தட்டையான இரும்புப் படகு. இரண்டு கரைக்கும் கட்டிய சங்கிலியைக் கையால் இழுத்தே அக்கரை போக வேண்டும். அந்தப் படகு இப்போது அக்கரையில் இருந்தது.

திரும்பிப் போனால் பிரேசாக் வரை போய், தார் ரோட்டில் சுற்றிக்கொண்டு வர வேண்டும். மரிவோன் திட்டப் போகிறாள் என்று நான் காத்திருந்தேன். கிஸ்லேனும் அப்படித்தான் காத்திருந்தான் என்று அவன் கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவள் அவன் கையைப் பிடித்துக் கொண்டுபோய்ச் சங்கிலியின் மேல் வைத்தாள்.

"இழு," என்றாள்.

அவன் இழுத்தான். படகு வந்தது.

இரட்டை சைக்கிளை அதில் ஏற்றியதைச் சொன்னால் நீண்டுகொண்டே போகும். குறுக்கே வைத்தால் நிற்கவில்லை, நெடுக்கே வைத்தால் நாங்கள் நிற்க இடமில்லை. கடைசியில் மூலைக்கு மூலை சாய்த்து வைத்தோம். முன் சக்கரம் ஆற்றுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. நான் என் சைக்கிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு ஓரத்தில் ஒடுங்கினேன். அவர்கள் இருவரும் சங்கிலியை இழுத்தார்கள். பாதி ஆறு போனதும் சங்கிலி எதிலோ மாட்டிக்கொண்டது. முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. மரிவோன் எட்டிப் பார்த்தாள். தண்ணீருக்கடியில் பெரிய கொடிக்கட்டாகப் பாசி சுற்றியிருந்தது.

"இப்ப என்ன தெரியுது?" என்றான் கிஸ்லேன் மெதுவாக.

"உன்னோட நிழல் ரோடு."

நான் பஸ்தியானைக் கூப்பிட்டேன். அவன் எடுக்கவில்லை. அடுப்பில் வெள்ளை அவரையைக் கிளறிக்கொண்டிருந்திருப்பான். "நாங்க ஆத்துல இருக்கோம். பழைய மரப்பாலத்துக்கிட்ட. யாரும் முழுகலை," என்று பதிவு செய்துவிட்டு வைத்தேன்.

மரிவோன் இன்னும் இரண்டு முறை சங்கிலியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டு, படகின் விளிம்பில் உட்கார்ந்தாள். அவளுக்கு மூச்சு இரைத்தது. கிஸ்லேன் அந்தப் பக்கமே காதைக் கொடுத்துக்கொண்டு நின்றான்.

"ரொம்பக் கோவமா இருக்கியா?"

"இல்லையே."

"மூச்சு அப்படி வாங்குது."

"சங்கிலி இழுத்தா வாங்காதா? நீ கூடத்தான் நாய் மாதிரி இரைக்கறே."

ஒரு மீன்கொத்தி எங்களைத் தாண்டிப் பறந்தது. அதைப் பற்றி யாரும் அவனிடம் சொல்லவில்லை.

"மேட்டு மேல வந்து சேரும்போதும் உனக்கு இப்படித்தான் வாங்கும்," என்றான்.

இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. இருவரும் தனித்தனி சைக்கிளில் போன அந்தக் காலத்தில் கிஸ்லேன் எந்த மேட்டிலும் முதலில் ஏறிவிடுவான். மேலே வேலியில் சாய்ந்துகொண்டு காத்திருப்பான். தூரத்தில் மரிவோன் தெரிவாள், நெருங்குவாள். அவள் வந்து பக்கத்தில் கால் ஊன்றிய அதே நிமிடம் இவன் ஏறி உட்கார்ந்து போய்விடுவான். அவனுக்கு ஓய்வு கிடைத்திருக்கும். அவளுக்கு ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கக்கூட நேரம் இருக்காது. சங்கத்தில் இதை வைத்துக் கேலி செய்யாத ஆள் கிடையாது. அவளிடம் மட்டும் யாரும் கேலி செய்ததில்லை.

"மூஞ்சி செவசெவன்னு இருக்கும்," என்றான் அவன். "உதட்டை இறுக்கிட்டு வருவே. வந்ததும் திட்டப் போறேன்னு தோணும். அதான் நீ வாயைத் திறக்கறதுக்குள்ள கிளம்பிடுவேன்."

மரிவோன் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் கோவமா வரலை, கிஸ்லேன். மேடு ஏறி வந்தேன். மேடு ஏறினா மூஞ்சி சிவக்கும்."

"தெரியாது எனக்கு."

"நீ கிளம்பிப் போனதுக்கு அப்புறம்தான் கோவம் வரும்."

"எல்லா மேட்டுலயுமா?"

"ஒண்ணு விடாம."

நான் சைக்கிள் மணியைத் துடைக்க ஆரம்பித்தேன். படகில் எழுந்து போக வேறு இடமில்லை.

"அதனாலயா விட்டுட்டுப் போனே?" என்றான்.

"அதுக்காக மட்டும் இல்ல. உனக்கே தெரியும்."

"தெரியும்."

"ஆனா அதுவும் உண்டு. முதல் அஞ்சுக்குள்ள வரும்."

அவன் முதலில் தலையை ஆட்டினான். பிறகு வாய்க்குள்ளேயே சிரிக்கத் தொடங்கினான். அவளும் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கப் படகு ஆடி, முன் சக்கரம் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எழுந்தது. நான் ஒரு கையால் அவர்களுடைய சைக்கிளையும் பிடித்துக்கொண்டேன். சிரிப்பு அடங்கியதும் அவன் கேட்டான்.

"இப்ப எப்படி இருக்கு உன் மூஞ்சி?"

"சிவப்பா. வேர்த்துப் போய். மூக்குல பாசி ஒட்டியிருக்கு."

"கோவம்?"

"தேடிப் பார்த்துட்டேன். இல்ல."

அவன் தட்டுத் தடவி வந்து விளிம்பில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். காலைத் தண்ணீரில் தொங்கவிட்டான். என் முதுகுப்பையில் ஒரு கேக் இருந்தது. மேலே கரியாய்க் கருத்து உள்ளே வெள்ளையாய் இருக்குமே, எங்கள் பக்கத்து ஆட்டுப்பால் கேக், அதுதான். எல்லோருக்குமாகக் கொண்டுபோனது. நாங்கள் மூன்று பேரும் அதைப் பிய்த்துப் பிய்த்துத் தின்று பாதிக்கு மேல் முடித்துவிட்டோம்.

பஸ்தியான் அக்கரையில் வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. சமையல் துணியை இடுப்பில் கட்டியபடியே வந்திருந்தான். கையில் கரண்டி வேறு.

"பேச வேண்டியதெல்லாம் பேசியாச்சா?" என்று கத்தினான். "இல்ல, நான் போயிட்டு அப்புறமா வரட்டுமா?"

"பேசியாச்சு," என்றான் கிஸ்லேன். "இழுங்க."

பஸ்தியான் கரண்டியைப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிச் சங்கிலியைப் பிடித்தான். அவன் அந்தப் பக்கத்திலிருந்தும் இவர்கள் இந்தப் பக்கத்திலிருந்தும் இழுக்க, பாசிக்கட்டு பிய்ந்துகொண்டு வந்தது. படகு ஒரே தாவலாகப் போய்க் கரையில் முட்டியது. பஸ்தியானின் ஒரு கால் முழங்கால்வரை சேற்றில் இறங்கி, செருப்பில்லாமல் வெளியே வந்தது. கிஸ்லேன் கையை நீட்டினான். யார் கையை யார் பிடித்து ஏற்றுகிறார்கள் என்று புரியாமல் இருவரும் கொஞ்ச நேரம் தடுமாறினார்கள்.

"உங்க செருப்பு போச்சு போலிருக்கே," என்றான் கிஸ்லேன்.

"அது போகட்டும். அவரை அடிப்பிடிச்சிருக்கும். அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு."

அவரை அடிப்பிடித்துத்தான் இருந்தது. பழைய மாவு ஆலையின் புல்வெளியில் எல்லோரும் தட்டோடு உட்கார்ந்து, பன்றித் தொடைக்கறியோடு அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தலைவர் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"நான் அம்பு ஒட்டறது எதுக்கு? அலங்காரத்துக்கா?"

"எந்த அம்பு?" என்றான் கிஸ்லேன். "என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே."

கிஸ்லேனுக்குத் தட்டை நிரப்பிக் கொடுத்துவிட்டு மரிவோன் பஸ்தியான் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவன் பாதத்துச் சேற்றை ஒரு குச்சியால் சுரண்டிவிட்டுக்கொண்டே சாப்பிட்டாள். கிஸ்லேன் இரண்டு கோப்பை சிவப்பு ஒயின் குடித்தான். அதற்கு அப்புறம் ஒன்று.

திரும்பும்போது தார் ரோட்டிலேயே வந்தோம். காற்று பின்னாலிருந்து தள்ளியது. மக்காச்சோளம் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. சாலையில் எங்களைத் தவிர யாருமில்லை. ஒரு சின்ன ஏற்றத்தில் மரிவோன் தலையைத் திருப்பாமலே என்னைக் கேட்டாள்.

"லிலியான், பின்னாடி ஐயா மிதிக்கிறாரா?"

பார்த்தேன். கிஸ்லேன் முகத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடி, சொர்க்கத்தில் இருப்பவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். பெடல் சுற்றியது, அதோடு அவன் காலும் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

"மிதிக்கிறான்," என்றேன்.

"பொய் சொல்லாதே. பியானோ ஏத்தின மாதிரி இருக்கு வண்டி."

அதோடு விட்டுவிட்டாள். கியரைக் குறைத்துக்கொண்டு எழுந்து நின்று மிதித்து, அவனையும் சேர்த்து ஏற்றத்தில் ஏற்றிக்கொண்டு போனாள்.

லொயிக்கின் எலும்பு ஜூலையில் கூடிவிட்டது. அவன் திரும்பி வந்தபோது, இனி முன்னால் யார் உட்காருவது என்று சின்னதாகச் சங்கடம் இருந்தது. யாரும் எதுவும் சொல்லாமல் அவனே அதைப் புரிந்துகொண்டான். இப்போது ஒரு ஞாயிறு அவன் முன்னால் உட்காருகிறான், மறு ஞாயிறு மரிவோன். கிஸ்லேனுக்குத் தேவாலயங்களின் வயதெல்லாம் ஒரு வாரமும், மாடுகளின் அபிப்பிராயம் மறு வாரமும் கிடைத்துவிடுகிறது. போன மாதம் பஸ்தியானும் ஒரு தடவை முன்னால் உட்கார்ந்து பார்த்தான். காஞ்சொறிப் புதருக்குள் இருவரும் ஒன்றாகப் போய் விழுந்தார்கள். மரிவோன் கைபிடித்து வெளியே இழுப்பதற்குள் அவர்கள் "நீங்க" என்பதை விட்டு ஒருவரையொருவர் "நீ" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.